அரை டன் கோணம்

வல்லம் வடகாலில் ஒரு கம்பெனிக்கு இடம் ஒதுக்கினார்கள் என்றால், ஜேசிபி வருவதற்கு முன்பே ஒரு முக்காலியும் ஒரு பெட்டியும் வந்து இறங்கிவிடும். பெட்டிக்குள் இருப்பது டோட்டல் ஸ்டேஷன். ஐந்தாறு கிலோ எடை. ஒருவர் அதில் கண் வைத்துப் பார்ப்பார். இன்னொருவர் பிரிசம் கம்பியைப் பிடித்துக்கொண்டு தூரத்தில் வெயிலில் நிற்பார். பொத்தானை அழுத்தினால் கோணமும் தூரமும் சேர்ந்தே திரையில் விழும். சிப்காட் பூங்காவின் மனைகள், 2017இல் உற்பத்தி தொடங்கிய ராயல் என்ஃபீல்டு ஆலை, 18,720 பெண் தொழிலாளர்கள் தங்குவதற்காக 2024இல் திறந்த விடுதி என்று இந்தப் பக்கத்தில் எது எழும்பினாலும், முதல் வேலை மூலைகளைக் குறிப்பதுதான். அதற்கும் முன்னால், இதெல்லாம் வயலும் ஏரிப் பாசனமுமாக இருந்த காலத்திலும் நிலத்தின் கணக்கு முக்கோணத்தில்தான் இருந்தது. கோணல்மாணலான வயலின் குறுக்கே ஒரு கோடு போட்டு, அதை முக்கோணங்களாகப் பிரித்து, ஓரத்தில் மிஞ்சும் துண்டுகளுக்குச் செங்குத்து அளவு எடுத்துப் புலப்படம் வரைவது நம்மூர் சர்வேயர்களின் வழக்கம்.

இங்கிருந்து சுமார் 30 கிலோமீட்டர் கிழக்கே பரங்கிமலை இருக்கிறது. டோட்டல் ஸ்டேஷனுக்கு முன்னோடியான ஒரு கருவி 1802இல் அந்தப் பக்கத்தில்தான் இந்திய வாழ்க்கையைத் தொடங்கியது. அதற்குத் தூரம் அளக்கத் தெரியாது. கோணம் மட்டும்தான் தெரியும். எடை ஏறத்தாழ அரை டன். ‘கிரேட் தியோடலைட்’ என்று அதற்குப் பெயர்.

லண்டனில் ஸ்ட்ராண்ட் தெருவில் கடை வைத்திருந்த வில்லியம் கேரி செய்தது அது. கருவித் தொழிலில் அக்காலத்தில் முதல் ஆளான ஜெஸ்ஸி ராம்ஸ்டனிடம் வேலை கற்றவர் கேரி. படுக்கைவாட்டில் 36 அங்குலம் விட்டமுள்ள ஒரு பித்தளை வட்டம்; நெட்டுக்குத்தாக 18 அங்குல வட்டம் ஒன்று; நடுவில் தொலைநோக்கி. தொலைநோக்கியை ஒரு கொடிக்கம்பத்தின் மேல் திருப்பி நிறுத்தி, வட்டத்தின் விளிம்பில் உள்ள பிரிவுகளை நுண்ணோக்கி வழியாகப் படிக்க வேண்டும். பிறகு இன்னொரு கொடிக்கம்பத்துக்குத் திருப்பி மறுபடி படிக்க வேண்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் கோணம்.

எதற்கு இவ்வளவு பெரிய வட்டம்? ஒரு பாகையை 60 நிமிடமாகவும் ஒரு நிமிடத்தை 60 விநாடியாகவும் பிரிக்கிறோம். மூன்றடி விட்டமுள்ள இந்த வட்டத்தின் விளிம்பில்கூட ஒரு பாகை என்பது எட்டு மில்லிமீட்டர்தான். ஒரு விநாடி என்பது 2.2 மைக்ரான். ஒரகடத்தில் டூல் ரூமில் வேலை பார்ப்பவருக்கு அது எவ்வளவு சிறியது என்று சொல்லத் தேவையில்லை. ஏசி அறையில், கிரானைட் மேசை மேல், கம்ப்யூட்டரோடு இணைந்த அளவைக் கருவி வைத்துத் தேடுகிற அளவு அது. 1802இல் அதை மலை உச்சியில், கூடாரத்துக்குள், காற்றிலும் புழுதியிலும் தேடினார்கள். வட்டம் சிறியதாக இருந்திருந்தால் அந்த விநாடி கண்ணுக்கே அகப்பட்டிருக்காது.

கருவி இந்தியாவுக்கு வந்த கதையைச் சொல்லாத சர்வே புத்தகம் இல்லை. அதை ஏற்றிவந்த கப்பலைப் பிரெஞ்சுக்காரர்கள் வழியில் பிடித்தார்களாம். மொரிஷியஸில் இறக்கிப் பெட்டியைத் திறந்தபோது இது போர்க்கருவி அன்று, அறிவியல் கருவி என்று தெரிந்ததாம். ஆளுநர் மரியாதையான கடிதத்தோடு அதைச் சென்னைக்கு அனுப்பிவைத்தாராம். பிடித்த கப்பலின் பெயர் ‘பியமோந்தேஸ்’ என்றுகூடச் சொல்வார்கள். அழகான கதைதான். ஆனால் அந்தப் போர்க்கப்பல் கடலில் இறங்கியதே 1804இல். கடிதம் அனுப்பியதாகச் சொல்லப்படும் ஆளுநர் தெக்கான் மொரிஷியஸ் வந்து சேர்ந்தது 1803இல். அதற்கு முன்பே கருவி இங்கே வேலையில் இறங்கிவிட்டது. வழியில் பிரெஞ்சுக்காரர் கையில் சிக்கியது உண்மையாக இருக்கலாம். கப்பலின் பெயரும் ஆளுநரின் பெயரும் பின்னால் யாரோ ஒட்டவைத்தவை என்றே எனக்குப் படுகிறது. எப்படியோ, 1802இல் கருவி சென்னை வந்தது.

காத்திருந்தவர் வில்லியம் லாம்டன். 33ஆம் காலாட்படைப் பிரிவின் அதிகாரி. திப்புவோடு நடந்த கடைசிப் போரில், 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் சண்டையிட்டவர். போர் முடிந்ததும், கிழக்குக் கரையிலிருந்து மேற்குக் கரை வரை தீபகற்பத்தை முக்கோணங்களால் அளக்க வேண்டும், கூடவே பூமியின் வடிவத்தையும் கண்டுபிடித்துவிடலாம் என்று ஒரு திட்டம் எழுதிக் கொடுத்தார். சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவ் ஒப்புக்கொண்டார். எல்லாரும் ஒப்புக்கொள்ளவில்லை. ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குப் போக வேண்டும் என்றால் பல்லக்குத் தூக்கிகளின் தலைவனிடம் சொன்னால் அவனே கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவான், இதற்கு இவ்வளவு செலவா என்கிற பொருளில் நிதிக் குழு உறுப்பினர் ஒருவர் கேட்டதாகச் சொல்வார்கள். இன்றைக்கும் எந்த அலுவலகத்திலும் கேட்கக்கூடிய கேள்விதான். பதில் சொல்ல முடியாத கேள்வியும் அன்று. வழி தெரிவது வேறு, தூரம் தெரிவது வேறு.

கோணம் அளக்கும் கருவிக்கு முதலில் ஒரு நீளம் வேண்டும். ஒரு முக்கோணத்தின் மூன்று கோணமும் தெரிந்தால் அதன் வடிவம் தெரியும், அளவு தெரியாது. உள்ளங்கையில் வரைந்த முக்கோணத்துக்கும் மலைகளுக்கு நடுவே விரிந்த முக்கோணத்துக்கும் கோணங்கள் ஒன்றாகவே இருக்கலாம். ஒரே ஒரு பக்கத்தைத் தரையில் அளந்து கொடுத்துவிட்டால் மற்ற இரண்டும் தாமாக வந்துவிடும். அந்த ஒரு பக்கத்துக்கு அடிக்கோடு என்று பெயர்.

லாம்டன் பரங்கிமலைக்குப் பக்கத்துச் சமவெளியிலிருந்து தெற்கே பெரும்பாக்கம் குன்றுவரை அடிக்கோட்டை அளந்தார். 1802 ஏப்ரல் 10இல் தொடங்கி மே 22இல் முடித்தார். சென்னையில் அந்த மாதங்கள் எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியும். அளந்த சங்கிலிக்கும் ஒரு பூர்வகதை உண்டு. ராம்ஸ்டன் செய்த 100 அடி எஃகுச் சங்கிலி அது. இரண்டரை அடி நீளமுள்ள 40 கண்ணிகள். மெக்கார்ட்னி தூதுக்குழு சீனப் பேரரசருக்குப் பரிசாகக் கொண்டுபோய், அவருக்கு வேண்டாமல் போய், குழுவோடு போயிருந்த விஞ்ஞானி டின்விடியின் கையில் கல்கத்தா வந்து சேர்ந்தது. வெயிலில் எஃகு நீளும் என்பதால் அதை வெறும் தரையில் போடவில்லை. முக்காலிகள் மேல் தாங்கிய மரப்பெட்டிகளுக்குள் நீட்டி, பக்கத்திலேயே வெப்பமானி வைத்து, ஒவ்வொரு தடவையும் சூட்டைக் குறித்துக்கொண்டு, நானூறு தடவை எடுத்துப் போட்டார்கள். விடை 40,006.44 அடி. நம் கணக்கில் 12.19 கிலோமீட்டர். இன்றைக்கு அந்தக் கோட்டின் மேல் நின்று பார்த்தால் அடுத்த தெருவே தெரியாது. வேளச்சேரி, பள்ளிக்கரணை, மேடவாக்கம் என்று அந்தப் பக்கம் முழுக்க வீடுகள்.

இதற்குப் பிறகு எல்லாம் தியோடலைட்டின் பொறுப்பு.

கணக்கு பதினோராம் வகுப்பில் வருகிற சைன் விதிதான். எந்த முக்கோணத்திலும் ஒரு பக்கத்தை அதற்கு எதிரில் உள்ள கோணத்தின் சைனால் வகுத்தால், மூன்று பக்கத்துக்கும் ஒரே விடை வரும். உதாரணத்துக்கு நானே சில கோணங்களை வைத்துக்கொள்கிறேன். பரங்கிமலைப் பக்கத்து முனையில் நின்று பெரும்பாக்கத்துக்கும் தூரத்தில் உள்ள மூன்றாவது குன்று ஒன்றுக்கும் நடுவே 60 பாகை; பெரும்பாக்கத்தில் நின்று பார்த்தால் 70 பாகை. அப்படியானால் அந்தக் குன்றில் 50 பாகை மிச்சம். அடிக்கோடான 12.19ஐ 50 பாகையின் சைனால் வகுத்து 70 பாகையின் சைனால் பெருக்கினால், பரங்கிமலையிலிருந்து குன்றுக்கு 14.95 கிலோமீட்டர். யாரும் அங்கே நடந்து போய்ச் சங்கிலி போடவில்லை. இனி அந்த 14.95தான் புதிய அடிக்கோடு. அதை ஒரு பக்கமாகக் கொண்டு அடுத்த குன்றைப் பார்க்கிறோம். பரங்கிமலையில் 45 பாகை, மூன்றாவது குன்றில் 80 பாகை, புதிய குன்றில் 55 பாகை. பரங்கிமலையிலிருந்து புதிய குன்றுக்கு 17.97 கிலோமீட்டர்; குன்றிலிருந்து குன்றுக்கு 12.91. இந்த இரண்டில் ஒன்று அடுத்த முக்கோணத்துக்குக் கைமாறும். இப்படியே ஒட்டி ஒட்டிப் போனால், ஒரே ஒரு தடவை தரையில் அளந்த நீளம் கடலோரத்திலிருந்து இமயம்வரை போய்விடும்.

போகும். ஆனால் கடனாகத்தான் போகும். ஒவ்வொரு பக்கமும் தனக்கு முந்தைய பக்கத்தை நம்பி நிற்கிறது. முதல் முக்கோணத்தில் நுழைந்த பிழை பத்தாவது முக்கோணத்திலும் இருக்கும், கூட இன்னும் சிலவற்றைச் சேர்த்துக்கொண்டு. 50 கிலோமீட்டர் தொலைவில் ஒரு விநாடிப் பிழை என்பது 24 சென்டிமீட்டர். அது கேடில்லை. ஆனால் அதே ஒரு விநாடி எந்தக் கோணத்தில் விழுகிறது என்பதைப் பொறுத்து விளைவு மாறும். 60 பாகைக் கோணத்தில் செய்யும் கெடுதலைப் போலப் பத்து மடங்கு கெடுதலை 10 பாகைக் கோணத்தில் செய்யும். சிறிய கோணங்களில் சைன் அவ்வளவு வேகமாக மாறுகிறது. அதனால்தான் கிடைத்த மேட்டிலெல்லாம் ஏறி நின்று கோணம் எடுக்க முடியாது. முக்கோணம் ஒல்லியாக இல்லாமல், மூன்று பக்கமும் ஏறக்குறைய ஒத்து இருக்கும்படி குன்றுகளைத் தேட வேண்டும். சரியான இடத்தில் குன்று இல்லாவிட்டால் என்ன செய்வது? இந்தக் கேள்வி பின்னால் தஞ்சாவூரில் கருவியின் உயிருக்கே உலை வைத்தது.

தொண்டை மண்டலத்தில் அந்தச் சிரமம் இல்லை. சமவெளியில் திடீர் திடீரென்று எழும்பி நிற்கும் பாறைக் குன்றுகள் முக்கோணத்துக்கென்றே போட்டுவைத்த மாதிரி இருக்கும். வல்லத்துக்குத் தெற்கே, மதுராந்தகம் பக்கத்துக் கருங்குழி லாம்டனின் முனைகளில் ஒன்று. முதலில் கரையோரமாகக் கடலூர்ப் பக்கம்வரை போய், ஒரு பாகை அட்சரேகை எத்தனை நீளம் என்று கணக்கெடுத்தார். பிறகு மேற்கே திரும்பினார். கருவியைப் பெட்டியோடு கம்பில் கட்டிக் கூலியாட்கள் தோளில் சுமந்தார்கள். கொடி பிடிக்கும் கலாசிகள் முன்கூட்டியே போய் அடுத்த மலையில் ஏறி நின்றார்கள். அந்தத் தோள்களுக்கு உரியவர்களின் பெயர்களை எந்த அறிக்கையும் எழுதிவைக்கவில்லை. உதவியாளர்களில் ஒருவரான ஜோஷுவா டி பென்னிங்கின் பெயர் தப்பிப் பிழைத்திருக்கிறது. அவர் சென்னை சர்வே பள்ளியில் படித்தவர். 1794இல் மைக்கேல் டாப்பிங் தொடங்கிய அந்தப் பள்ளிதான் பின்னால் வளர்ந்து கிண்டிப் பொறியியல் கல்லூரி ஆனது.

பெங்களூரில் கணக்கு சரிபார்க்கப்பட்டது. 1804இல் அங்கே இன்னொரு அடிக்கோட்டைச் சங்கிலியால் தரையிலேயே அளந்தார்கள். அதே கோட்டின் நீளம், பெரும்பாக்கத்து வெயிலில் அளந்த நீளத்திலிருந்து முக்கோணம் முக்கோணமாக வந்த கணக்கிலும் கையில் இருந்தது. ஏழு மைலுக்கு மேல் நீளமுள்ள கோட்டில் இரண்டு விடைக்கும் வித்தியாசம் நான்கு அங்குலம்கூட இல்லை. லாம்டனின் வாழ்க்கையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. கணக்கு சரியாக வந்தது என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. தன் கருவியைத் தானே சந்தேகப்பட்டு, வழி நெடுக இப்படிப் பொறி வைத்துக்கொண்டே போனாரே, அதற்காக.

மேற்குக் கரையில் மங்களூரைத் தொட்டபோது, தீபகற்பத்தின் அகலம் அதுவரை படங்களில் இருந்த 400 மைல் இல்லை, 360 மைல்தான் என்று தெரிந்தது. நாற்பது மைல் நிலம் காகிதத்திலிருந்து காணாமல் போனது.

பிறகு தெற்கு. 1808இல் காவிரி டெல்டா. இங்கே குன்று கிடையாது. கண்ணுக்கு எட்டியவரை வயல், நடுநடுவே தென்னந்தோப்பு. தோப்பு இல்லாவிட்டாலும் பூமியே மறைத்துவிடும். 20 கிலோமீட்டர் தொலைவில் பூமியின் வளைவு மட்டுமே 30 மீட்டர் உயரத்தை விழுங்கிவிடும். ஆகவே உயரம் வேண்டும். அந்த நாட்டில் உயரம் என்றால் கோயில்தான். லாம்டன் கோபுரங்கள் மேல் ஏறினார். தஞ்சாவூரில் பெரிய கோயில்.

சுமார் 216 அடி உயரம் அது. கப்பிகளும் கயிறுகளும் கட்டிக் கருவியைப் பெட்டியோடு மேலே இழுத்தார்கள். சுவரில் மோதாமல் விலக்கிப் பிடிப்பதற்கென்று பக்கவாட்டில் ஒரு கயிறு. அந்தக் கயிறு அறுந்தது. அரை டன் எடை அப்படியே ஊசலாடிப் போய் ராஜராஜன் கட்டிய கல்லில் மோதியது. பெட்டி நொறுங்கியது. வட்டத்தை நுணுக்கமாக நகர்த்தும் திருகு அடியை வாங்கி, விளிம்பையே நெளித்துவிட்டது. 2.2 மைக்ரானைத் தேட வேண்டிய விளிம்பு கண்ணால் பார்த்தாலே கோணலாகத் தெரிந்தது.

வேறு யாராக இருந்தாலும் லண்டனுக்கு எழுதிவிட்டு இரண்டு வருஷம் காத்திருப்பார்கள். லாம்டன் கருவியோடு கூடாரத்துக்குள் போய் அடைந்துகொண்டார். கருவியை முழுக்கக் கழற்றினார். தட்டையான பெரிய பலகை ஒன்றில், வட்டம் முன்பு எந்த அளவில் இருந்ததோ அதே அளவில் ஒரு வட்டம் வெட்டினார். நெளிந்த பித்தளை விளிம்பை அதற்குள் வைத்து, ஆப்பு அடித்தும் திருகு முடுக்கியும் கப்பி போட்டு இழுத்தும் கொஞ்சம் கொஞ்சமாகப் பலகை வட்டத்தோடு பொருந்தவைத்தார். வளைந்த ஆரக்கால்களைச் சின்ன மரச்சுத்தியலால் தட்டி நிமிர்த்தினார். ஆறு வாரம் பிடித்தது. கருவி ஏறக்குறையப் பழைய வடிவத்துக்கு வந்தது.

ஏறக்குறைய என்பதுதான் சிக்கல். மரத்தில் வெட்டிய வட்டத்தை வைத்து நிமிர்த்திய பித்தளையில் விநாடி பார்ப்பது எப்படி? இதற்கு சர்வேக்காரர்களிடம் பழைய வழி ஒன்று இருக்கிறது. ஒரே கோணத்தை வட்டத்தின் ஒரே பகுதியில் படிக்காமல், வட்டத்தைத் திருப்பித் திருப்பி வைத்து வெவ்வேறு பகுதிகளில் பல தடவை படித்துச் சராசரி எடுக்க வேண்டும். ஓரிடத்தில் கூடுதலாகக் காட்டும் விளிம்பு இன்னோரிடத்தில் குறைவாகக் காட்டும். பிழைகள் பெருமளவு ஒன்றை ஒன்று தின்றுவிடும். அடுத்த சோதனை முக்கோணத்துக்குள்ளேயே இருக்கிறது. மூன்று முனையிலும் போய் நின்று மூன்று கோணத்தையும் அளந்து கூட்டினால் 180 வர வேண்டும். பூமி உருண்டை என்பதால் கறாராகச் சொன்னால் அதைவிடச் சற்று அதிகமாக வர வேண்டும். முக்கோணத்தின் பரப்பில் ஏறத்தாழ ஒவ்வொரு 200 சதுர கிலோமீட்டருக்கும் ஒரு விநாடி. அந்தக் கணக்கைத் தாண்டி ஏதாவது மிஞ்சினால், அது கருவியின் குற்றம் அல்லது பார்த்தவரின் குற்றம். என் உதாரணத்தில் மூன்றாவது கோணத்தை அளக்காமல் ‘மிச்சம்’ என்று சொல்லிவிட்டேன் அல்லவா, லாம்டன் அப்படி விடமாட்டார். மூன்றாவது மலையிலும் அரை டன்னை ஏற்றுவார்.

அடிபட்ட கருவியோடுதான் தெற்கே போனார்கள். 1809இல் திருநெல்வேலியில் இன்னொரு அடிக்கோடு அளந்து சரிபார்த்தார்கள். கன்னியாகுமரிக்குப் பக்கத்தில் தெற்கு முனை. அங்கிருந்து திரும்பி, 78ஆம் தீர்க்கரேகையை ஒட்டி வடக்கே. 1818 ஜனவரி 1 முதல் வேலை கல்கத்தா அரசின் கைக்கு மாறியது. ‘கிரேட் டிரிக்னாமெட்ரிகல் சர்வே’ என்ற பெயர் அப்போது வந்ததுதான். அதே ஆண்டு உதவியாளராகச் சேர்ந்தவர் ஜார்ஜ் எவரெஸ்ட். லாம்டன் 1823 ஜனவரி 20 அன்று, இன்றைய மகாராஷ்டிராவில் உள்ள ஹிங்கன்காட்டில் இறந்தார். வயது எழுபதை ஒட்டி. தியோடலைட் எவரெஸ்டின் பொறுப்புக்கு வந்தது.

எவரெஸ்டுக்கு அதன் மேல் மரியாதை இருந்தது, நம்பிக்கை குறைவு. தஞ்சாவூர் விபத்தும் மரச்சுத்தியலும் விவரமாக நமக்குத் தெரியவருவதே அவர் எழுதிவைத்ததால்தான். மத்திய இந்தியாவில் சிரோஞ்ச்வரை பழைய கருவியோடு போனார். 1825இல் இங்கிலாந்துக்குப் போய், 1830இல் புதிய கருவிகளோடு திரும்பினார். பழைய சங்கிலியின் இடத்தில் இப்போது வெப்பத்தில் நீளம் மாறாதபடி இரண்டு உலோகங்களை இணைத்துச் செய்த சட்டங்கள். பழைய தியோடலைட்டோடு புதியவையும் சேர்ந்தன.

கூட வந்தவர்களில் ஹென்றி பேரோ என்ற கருவித் தொழிலாளி ஒருவர். அவர் கையில் கேரியின் தியோடலைட் பிரிக்கப்பட்டு, பெரும்பாலும் மறுபடியும் செய்யப்பட்டது. பிடியை ஒரு தடவையும் தகட்டை ஒரு தடவையும் மாற்றிய அரிவாளைத் தாத்தா காலத்து அரிவாள் என்று சொல்வதில்லையா, அந்த மாதிரிதான் இதுவும் லாம்டனின் கருவி.

பேரோவுக்குக் கொஞ்சம் முன்னாலேயே அந்தப் பட்டறைக்கு வந்து சேர்ந்த இன்னொருவர் நம் ஊர்க்காரர். சையது மீர் மொசின் உசேன். சொந்த ஊர் ஆற்காடு. தலைமை சர்வேயராக இருந்த வாலன்டைன் பிளாக்கர் சென்னையில் அவருடைய கைத்திறனைக் கண்டு கல்கத்தாவுக்கு அழைத்துப்போனார். அவர் எந்தப் பள்ளியிலும் கருவித் தொழில் படித்தவர் இல்லை. பார்த்தும் பிரித்தும் கற்றவர். பேரோவுக்கும் எவரெஸ்டுக்கும் மனத்தாங்கல் முற்றி 1839இல் பேரோ விலக்கப்பட்டபோது, வான நோக்குக்கான பெரிய வட்டங்களின் பிரிவுகளைத் திருத்தும் வேலை பாதியில் நின்றது. வட்டத்தில் பிரிவு போடுவது அந்தத் தொழிலின் உச்சம். லண்டனிலேயே சிலருக்குத்தான் கைவரும். அந்த வேலையை மொசின் உசேனோடு சேர்ந்து முடித்ததாக எவரெஸ்டே ஒப்புக்கொண்டிருக்கிறார். பேரோவின் இடத்துக்கு இவரையே போட வேண்டும் என்றும் வாதாடினார். கம்பெனி அரசு தயங்கித் தயங்கி இடத்தைக் கொடுத்தது. பேரோவுக்குக் கொடுத்த சம்பளத்தைக் கொடுக்கவில்லை.

டி பென்னிங்கும் அங்கேதான் வந்து சேர்ந்தார். ஓய்வுபெற்றுச் சென்னையில் இருந்தவரை எவரெஸ்ட் மறுபடி கூப்பிட்டுக் கல்கத்தாவில் கணக்கு அலுவலகத்தைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். அந்த அலுவலகத்தில் வேலை பார்த்த ராதாநாத் சிக்தர்தான் பின்னாளில் எவரெஸ்ட் சிகரத்தின் உயரக் கணக்கோடு சேர்த்துப் பேசப்படுபவர். 29,002 அடி என்று 1856இல் அறிவித்தார்கள். அந்தச் சிகரத்தை நம் அரை டன் கருவி பார்க்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதைப் பார்த்தவை வேறு சிறிய தியோடலைட்டுகள். ஆனால் அந்த முக்கோணங்களின் பக்கங்களை வடக்கே கொண்டுபோன சங்கிலித்தொடரின் தென்பாதியைக் கட்டியது இந்தக் கருவிதான்.

கருவி இப்போது டேராடூனில், இந்திய நில அளவைத் துறையிடம் இருக்கிறது.

வல்லம் வடகாலுக்கு வருவோம். டோட்டல் ஸ்டேஷன் தூரத்தையும் ஒளிக்கற்றையால் அளந்துவிடுவதால், சைன் விதிக்கு வேலை போய்விட்டதாகச் சிலர் நினைக்கிறார்கள். போகவில்லை. ஆலைக்குள் நுழைந்துவிட்டது. டூல் ரூமில் சைன் பார் என்று ஒரு கருவி இருக்கும். இரண்டு உருளைகள் மேல் நிற்கும் எஃகுச் சட்டம். உருளைகளுக்கு நடுவே தூரம் 100 அல்லது 200 மில்லிமீட்டர். 30 பாகைச் சாய்வு வேண்டுமா, 200 மில்லிமீட்டர் சட்டத்தின் ஒரு முனைக்குக் கீழே 100 மில்லிமீட்டர் உயரத்துக்கு ஸ்லிப் கேஜ் அடுக்கினால் போதும். லாம்டன் கோணத்தை அளந்து நீளத்தைக் கண்டார். ஃபிட்டர் நீளத்தை அடுக்கிக் கோணத்தைப் பெறுகிறார். ஐடிஐயில் இதைச் செய்து பார்த்த பையனுக்கு சைன் என்பது மனப்பாடச் சங்கதி இல்லை. கையில் கனக்கும் ஒன்று. பத்தாம் வகுப்பில் ‘உயரங்களும் தொலைவுகளும்’ பாடத்தைக் கலங்கரை விளக்கமும் படகுமாகவே நடத்தி முடித்துவிடுகிறோம். அதற்குப் பதிலாக வகுப்பைப் பரங்கிமலைக்கு அழைத்துப்போய், மலை மேல் நின்று தெற்கே பெரும்பாக்கம் பக்கம் திருப்பி, ஒரு பாகைமானியையும் சைன் அட்டவணையையும் கையில் கொடுக்கலாம்.

மலை மேல் லாம்டனுக்கு ஒரு மார்பளவுச் சிலை இருக்கிறது. நியாயம்தான். ஆற்காட்டுப் பள்ளிகள் இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள்: உங்கள் கணித ஆய்வகத்துக்குப் பெயர் வைக்காமல் இருந்தால், மொசின் உசேன் பெயரை வையுங்கள்.